மரம் இழுத்த மாடும் குதிரையும் யானையும்

1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக மிச்சிகன் காட்டிலிருந்து ஒரு மரப்பாரம் போனது. ஐம்பது வெள்ளைப் பைன் கட்டைகளை ஒரே சறுக்கு வண்டியில் 33 அடி உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். எடை 144 டன் என்று அறிவித்தார்கள். ரயிலில் ஏற்றியபோது ஒன்பது திறந்த பெட்டிகள் பிடித்தன. அத்தனையையும் சறுக்கு வண்டியில் இழுத்தவை இரண்டே குதிரைகள். அந்தப் புகைப்படம் இன்றும் அச்சாகிறது. பார்ப்பவர்கள் குதிரைகளை வியக்கிறார்கள். குதிரைகளுக்கு நிகராக அங்கே உழைத்தது தரை. மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா காடுகளில் குளிர்காலம் முழுக்க இரவில் தண்ணீர்த் தொட்டி வண்டியை ஓட்டிப் பாதையை நனைப்பார்கள். விடியுமுன் அது கண்ணாடிபோல் உறைந்துவிடும். சறுக்குக் கட்டைகள் தடம் மாறாமல் ஓட, பனிக்கட்டியில் இரண்டு பள்ளங்களையும் வெட்டி வைப்பார்கள். அந்தப் பாதையில் பாரத்தை ஒருமுறை அசைத்துக் கிளப்பிவிட்டால் போதும். இறக்கத்தில்தான் ஆபத்து. அங்கே வைக்கோலும் சூடாக்கிய மணலும் தூவ ஓர் ஆள் நிற்பான். அவன் கணக்குத் தவறினால் பின்னாலிருந்து வரும் பாரம் குதிரைகள்மேல் ஏறிவிடும்.

ஒரு விலங்கு எவ்வளவு இழுக்கும் என்ற கேள்விக்குத் தரை எப்படி, தீவனம் எங்கே, பருவம் எது என்று தெரியாமல் விடை சொல்ல முடியாது. ஆனால் மரத்தொழிலின் வரலாற்றில் இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. எந்திரம் வருவதற்கு முன்பு விலங்குகளைக் கொண்டு மரம் எடுத்த காலம் காட்டுக்கு இதமான காலமா? அப்படித்தான் பலரும் நம்புகிறார்கள். இன்று பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் சுவீடனிலும் மண் இறுகாமல் மரம் எடுக்க மறுபடி குதிரையைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தைப் பின்னோக்கி நீட்டி, பழைய காலம் முழுவதற்கும் நற்சான்று கொடுத்துவிட முடியாது. அமெரிக்காவின் பைன் காடுகளையும் பர்மாவின், ஆனைமலையின் தேக்குக் காடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரியும்.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் தொடக்கம் மாடுதான். இங்கிலாந்தின் கடற்படைக்குப் பாய்மரம் வேண்டும். 1691-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பட்டயம் இரண்டடி விட்டத்துக்கு மேற்பட்ட மரங்களை அரசருக்கு என்று ஒதுக்கியது. அவற்றில் அம்புக்குறி வெட்டி அடையாளம் வைத்தார்கள். ஒரே துண்டாக நூறடி நீளம் போகும் அந்த மரத்தை ஆற்றங்கரைக்குக் கொண்டுவரப் பல ஜோடி மாடுகளைப் பூட்டினார்கள். மாடு மெல்ல நடக்கும். சேற்றில் பதறாது, கால் சிக்கினால் துள்ளாமல் நிற்கும். நுகத்தடியும் சங்கிலியும் போதும், தோல் சேணம் வாங்க வேண்டியதில்லை. மட்டமான புல்லைத் தின்று உழைக்கும். காலொடிந்தால் அன்றிரவு சமையலுக்கு ஆகும். வேலைப் பருவம் முடிந்ததும் விற்றுவிடலாம். முதலாளியின் கணக்கில் மாடு எந்த நிலையிலும் காசாக மாறக்கூடிய பொருள். லாடம் அடிப்பதுதான் தொல்லை. நம் ஊரில் மாட்டைச் சாய்த்துக் கால்களைக் கட்டி அடிப்பார்கள். அங்கே மரச்சட்டம் ஒன்றை நட்டு, வயிற்றுக்குக் கீழே பட்டை கொடுத்து, மாட்டைத் தூக்கி நிறுத்தி அடித்தார்கள். மாட்டால் குதிரையைப்போல் மூன்று காலில் நிற்க முடியாது. பிளவுண்ட குளம்பு என்பதால் ஒரு மாட்டுக்கு எட்டுத் தகடுகள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வடகிழக்கிலும் பேரேரிப் பகுதியிலும் குதிரை மாட்டின் இடத்தைப் பிடித்தது. உறைந்த பாதையில் வேகம் முக்கியம். வேகத்தில் குதிரைக்கு மாடு ஈடில்லை. ஆனால் குதிரைக்கு ஓட்ஸ் வேண்டும், நல்ல உலர்புல் வேண்டும். முகாமில் மனிதருக்குக் கொண்டுபோகும் உணவைவிடக் குதிரைக்குக் கொண்டுபோகும் தீவனம் பெரிய பாரம். அதற்கென்றே காட்டோரத்தில் பண்ணைகள் எழுந்தன. பனியில்லாத மாதங்களிலும் வேலை நடக்க வேண்டும் என்று மானிஸ்டீ ஊரைச் சேர்ந்த சைலஸ் ஓவர்பேக் 1870-களில் ஆளுயரத்தைவிடப் பெரிய இரட்டைச் சக்கரங்களைச் செய்து விற்றார். கட்டையின் முன்பகுதியை அச்சுக்குக் கீழே தொங்கவிட்டுக் குதிரைகள் இழுத்துப் போகும்.

பசிபிக் கரையில் கதை மறுபடி மாட்டுக்குத் திரும்புகிறது. அங்கே மரங்கள் இன்னும் பெரியவை. ஈரமும் சேறும் நிறைந்த மலைச்சரிவில் உறைபனிப் பாதை போட வழியில்லை. பாதையின் குறுக்கே சிறு கட்டைகளை வரிசையாகப் பதித்து, அவற்றின்மேல் மீனெண்ணெயும் கொழுப்பும் தடவி வழுக்க வைத்தார்கள். எண்ணெய் தடவுவது பெரும்பாலும் ஒரு பையனின் வேலை. ஐந்து முதல் பத்து ஜோடி வரை மாடுகள் முன்னே, சங்கிலியால் கோத்த கட்டைகள் பின்னே, பக்கத்தில் தார்க்கோலுடன் ஓட்டுபவன். முகாமில் அதிகக் கூலி வாங்கியவர்களில் அவனும் ஒருவன். அவன் கை சரியில்லை என்றால் மொத்த வேலையும் நிற்கும். சியாட்டில் நகரத்தில் ஹென்றி யெஸ்லர் 1853-இல் ஓடவிட்ட நீராவி மர அறுவை ஆலைக்கு இப்படித்தான் மலையிலிருந்து கட்டைகள் வந்தன. அந்தப் பாதைதான் இன்று அவர் பெயர் தாங்கிய வீதி.

1881-இல் கலிபோர்னியாவின் யுரேக்காவில் ஜான் டால்பீர் ஒரு நீராவிச் சுழல் எந்திரத்தை உண்டாக்கினார். ஓரிடத்தில் நின்றபடி வடத்தைச் சுற்றிக் கட்டையை இழுக்கும் எந்திரம் அது. கட்டை வந்து சேர்ந்ததும் வடத்தின் நுனியை மறுபடி காட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒரு குதிரையை வைத்துக்கொண்டார்கள். பிறகு திரும்பி இழுக்கும் இரண்டாம் வடம் வந்தது, குதிரையின் வேலை போனது. கிழக்கே மெய்ன் மாநிலத்தில் ஆல்வின் லொம்பார்ட் 1901-இல் காப்புரிமை பெற்ற, சங்கிலித்தடத்தில் ஓடும் நீராவி வண்டி, உறைந்த பாதையிலும் குதிரையைத் தள்ளி வைத்தது.

ஆனால் டால்பீரின் எந்திரம் பரவுவதற்கு முன்பே, லொம்பார்ட் பிறப்பதற்கும் முன்பே, அமெரிக்கக் கிழக்கின் பைன் காடுகள் சரியத் தொடங்கிவிட்டன. மிச்சிகனின் வெள்ளைப் பைன் பெரும்பகுதி கோடாரிக்கும் ரம்பத்துக்கும் விழுந்து, மாடும் குதிரையும் இழுத்து, ஆற்றில் மிதந்து போனது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அங்கே எடுக்கத்தக்க பைன் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. வெட்டிப்போட்ட கிளைகளும் சருகும் காய்ந்து கிடந்த நிலத்தில் நெருப்பு பிடித்தது. 1871 அக்டோபர் 8-ஆம் தேதி விஸ்கான்சினின் பெஷ்டிகோ ஊரை விழுங்கிய தீயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அது முழுக்க முழுக்க விலங்குகள் மரம் இழுத்த காலம். விலங்கு இழுத்தது என்பதால் ஒரு காடும் அங்கே தப்பவில்லை.

காரணம் சிக்கலானதல்ல. குதிரை மூன்று நான்கு வயதில் வேலைக்கு வந்துவிடும். செத்தால் இன்னொன்று சந்தையில் கிடைக்கும். தீவனம் காட்டுக்கு வெளியேயிருந்து வருகிறது. அதனால் விலங்கின் உடல் எந்த எல்லையையும் வைக்கவில்லை. இரண்டு மடங்கு மரம் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு குதிரை வாங்கினால் முடிந்தது. இனி யானையிடம் வந்தால் இந்தக் கணக்கு ஒவ்வொரு வரியிலும் மாறுகிறது.

வளர்ந்த யானை ஒன்று நாளுக்கு 150 கிலோவுக்குக் குறையாமல் பச்சைத் தீவனம் தின்னும். நூற்றுக்கணக்கான யானைகளுக்கு அதை வெட்டிக் கொண்டுவந்து போடுவது நடக்காத காரியம். ஆகவே மாலையில் காட்டிலேயே அவிழ்த்துவிட வேண்டும். முன்கால்களில் சங்கிலி, கழுத்தில் மரமணி, இரவு முழுக்க மேய்ச்சல். விடியற்காலையில் பாகன் மணியோசையையும் சங்கிலி இழுபட்ட தடத்தையும் வைத்துத் தேடிப் பிடித்து, ஆற்றில் குளிப்பாட்டிக் கூட்டி வருவான். அதற்கே சில சமயம் பாதிக் காலை போய்விடும். யானைக்கு மேனி முழுக்க வியர்க்காது. வெயில் ஏறினால் உடல்சூட்டைத் தணிக்க அதற்கு நிழலும் தண்ணீரும் வேண்டும். நாளுக்கு ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அடுத்த வாரம் அது வேலைக்கு ஆகாது. கோடை மாதங்களில் முழு ஓய்வு. மாட்டுக்கும் குதிரைக்கும் முதலாளி வகுத்த நேரம். யானைக்கோ அதன் தோலும் வயிறும் வகுத்த நேரம்.

இந்த எல்லைக்குள் அடங்கிய தொழிலாகத்தான் பர்மாவின் தேக்கு வெட்டு வடிவம் பெற்றது. 1856-இல் பெகு காடுகளின் பொறுப்பேற்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ், மரங்களை எண்ணி, குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேற்பட்டவற்றை மட்டும் தேர்ந்து வெட்டும் முறையை அங்கே நிறுவினார். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தில் பட்டையையும் வெளிக்கட்டையையும் சுற்றிலும் வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவார்கள். பிறகு சாய்த்து, துண்டு போட்டு, யானையின் மார்புப் பட்டையில் சங்கிலியைப் பூட்டி ஓடைக்கரை வரை இழுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓடை பொங்கும்போது கட்டைகள் கிளம்பும். பாறையிலும் வளைவிலும் அவை சிக்கிக் குவியும்போது வெள்ளத்தில் இறங்கித் தந்தத்தாலும் நெற்றியாலும் பிரித்துவிடுவதும் யானைதான். தேர்ந்த களிறு எந்தக் கட்டையை அசைத்தால் குவியல் அவிழும் என்று தானே கண்டுகொள்ளும். பெரிய ஆற்றை அடைந்த பிறகு கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு ஓட்டுவார்கள். வெட்டிய மரம் துறைமுகம் சேரப் பல ஆண்டுகள் ஆவதும் உண்டு.

இந்த முறையில் காட்டுக்கு உண்மையாகவே நன்மை இருந்தது. யானை போகும் தடம் ஓர் ஒற்றையடிப் பாதையைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவே. லாரிச் சாலை இல்லை. சாலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும் குடியேற்றமும் கள்ள வெட்டும் இல்லை. பக்கத்து மரங்கள் நசுங்குவதில்லை. ஓடைக்கு எட்டாத சரிவுகளை யாரும் தொடவில்லை. ஆனால் இந்த நன்மையை முழுக்க யானையின் கணக்கில் எழுதுவது தவறு. மரத்தை எண்ணி வெட்டும் விதியும் யானையின் மந்தமும் சேர்ந்துதான் அந்தக் காட்டைக் காத்தன. விதி தளர்ந்த இடங்களில் யானையும் காட்டை மொட்டையடிக்க உதவியிருக்கிறது. தவிர, இந்தத் தேக்கின் பின்னால் ஒரு நாட்டின் வீழ்ச்சியும் கிடக்கிறது. 1863-இல் தோன்றிய பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம், எடுத்த கட்டைகளைக் குறைத்துக் காட்டியது என்று மன்னர் தீபோவின் அரசு அபராதம் விதித்தது. அதைச் சாக்காக வைத்துத்தான் 1885-இல் பிரிட்டன் படை எடுத்து மேல் பர்மாவைப் பிடித்தது.

நம் பக்கத்தில் இதே தொழிலின் நினைவைப் பெயரிலேயே சுமக்கும் இடம் டாப்ஸ்லிப். பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு வேண்டும் என்று 1848-இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி ஆனைமலைக்கு வந்தார். மேட்டிலிருந்து சரிவில் கட்டைகளை உருட்டிச் சறுக்கிவிட்டு, கீழே சேத்துமடைப் பக்கம் எடுத்தார்கள். சரிவின் உச்சி வரை இழுத்து வந்தவை யானைகள். அடிவாரத்திலிருந்து மாட்டு வண்டிகள், பிறகு பொன்னானி ஆறு, பிறகு கடல். யானை, மாடு, ஆறு, கப்பல் என்று நீண்ட இந்தத் தொடரில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் மரம் காட்டிலேயே கிடந்து மக்கும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கொச்சி அரசு பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு ட்ராம் பாதை போட்ட பிறகும், கட்டையைப் பாதை வரை இழுத்துப் பெட்டியில் ஏற்றும் வேலை யானையிடமே இருந்தது. எந்திரம் வந்ததும் விலங்கு ஓய்வு பெறுவதில்லை. எந்திரம் போக முடியாத கடைசி மைல் அதற்கு மிஞ்சும். பெரும்பாலும் அதுதான் மிகக் கடினமான மைல்.

இழுக்கும் முறையிலும் இடத்துக்கு இடம் வேறுபாடு. பர்மாவில் மார்புப் பட்டை. மலையாளக் கரையில் கட்டையில் கட்டிய வடத்தின் நுனியை யானை கடைவாய்ப் பல்லால் கவ்வி இழுக்கும் பழக்கம். பட்டையில் பாரம் மார்பெங்கும் பரவும். வடத்தைக் கவ்வும்போதோ முழுச் சுமையும் பல்லுக்கும் தாடைக்கும் கழுத்துக்கும் வருகிறது. கவ்வுகிற யானை தாங்க முடியாதபோது வடத்தை விட்டுவிடலாம், சரிவில் கட்டை உருண்டால் அதனோடு இழுபட மாட்டாது என்பது அந்த முறைக்குச் சொல்லப்படும் நியாயம். இழுபட மாட்டாது என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் யானையின் பற்கள் வாழ்நாளில் ஆறு முறை முளைத்துத் தேய்பவை. கடைசித் தொகுதி தேய்ந்தால் அது பட்டினியால் சாகும். அந்தப் பல்லிலேயே பாரத்தை ஏற்றியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இனி இந்தத் தொழிலின் மிகப் பெரிய கடனுக்கு வருகிறேன். பெண் யானை ஏறக்குறைய 22 மாதம் கரு சுமக்கிறது. கன்று நான்கைந்து வயதில் பழக்கத்துக்கு வரும். முழு மரவேலைக்கு வர 17, 18 வயது ஆகும். அத்தனை ஆண்டு தீனியும் பாகனும் கொடுத்து வளர்ப்பதைவிட, வளர்ந்த காட்டு யானையைப் பிடித்து அடக்குவது மலிவு. எனவே பிடித்தார்கள். கோயம்புத்தூர்க் காடுகளில் குழி வெட்டி வீழ்த்தினார்கள். மைசூரில் ஜி. பி. சாண்டர்சன் 1870-களில் தொடங்கிய கெட்டா முறையில் மந்தையையே வளைத்து அடைத்தார்கள். காகனகோட்டேயில் கடைசி கெட்டா 1971-இல் நடந்தது. 1873-ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமும் 1879-ஆம் ஆண்டு இந்தியச் சட்டமும் காட்டு யானையைக் கொல்வதைத் தடுத்தன. ஆனால் பிடிக்கும் உரிமையை அரசு கையில் வைத்துக்கொண்டது. மரம் வெட்டுவதில் எல்லை வைத்த அதே அரசு, மரம் இழுக்கும் உடல்களைக் காட்டிலிருந்து எடுப்பதில் அந்த எல்லையைத் தாண்டிச் சென்றது. தேக்கை எண்ணி வெட்டிய காடுகளில் யானைக் குடும்பங்கள் எண்ணிக்கையில்லாமல் சிதைந்தன.

இதற்கு மாற்று இருந்தது. பர்மாவில் 1897-இல் பிறந்த பந்தூலா என்ற களிற்றை, போ டோக் என்ற யானைக்காரர் அடிக்காமல், தாயோடு சேர்த்து வளர்த்துப் பழக்கினார். 1920-இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்தில் சேர்ந்த ஜே. எச். வில்லியம்ஸ் அவரிடமிருந்து கற்றுக் கன்றுகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் எலிஃபென்ட் பில் என்று உலகம் அறிந்தது வில்லியம்ஸை. வித்தை போ டோக்குடையது. இரவில் அவிழ்த்துவிடும் வழக்கமே இன்னொரு வகையிலும் உதவியது. முகாமின் பிடிகள் காட்டுக் களிறுகளோடு கூடிக் கன்று ஈன்றன. முதுமலையின் தெப்பக்காட்டிலும் அதுவே நடந்தது. அங்கே பல்லாண்டு பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி, முகாம் யானைகளின் பிறப்பையும் இறப்பையும் வேலையையும் ஓய்வையும் பதிவு செய்து, நன்கு நடத்தினால் பிடிப்பு இல்லாமலே முகாம் நிலைக்கும் என்று காட்டினார். ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாக அவரைத் தெரிந்தவர்களே அதிகம். அந்தப் பதிவேடுகளின் வழியாகவும் அவர் அறியப்பட வேண்டும்.

யானையோடு சேர்ந்து எழுதப்படாமல் போனவர்கள் பாகன்கள். ஆனைமலையில் மலசரும் காடரும், முதுமலையில் குறும்பரும், பர்மாவில் கரேன் மக்களும் பல தலைமுறை இந்த வேலையைச் செய்தார்கள். காய்ச்சல் அவர்களைக் கொன்றது, மதம் பிடித்த களிறு கொன்றது, உருண்ட கட்டை கொன்றது. நிறுவனத்தின் கணக்கில் ஒவ்வொரு யானைக்கும் பெயர், வயது, உயரம், நோய் விவரம் கொண்ட ஏடு இருந்தது. பாகனுக்கு அப்படியோர் ஏடு இல்லை. யானையைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இவர்கள் வாய்வழி வந்தது. அதிகாரிகள் எழுதிப் பெயர் பெற்றார்கள்.

பிறகு ஒவ்வொரு நாடாக வெட்டை நிறுத்தின. தாய்லாந்தில் 1988 நவம்பரில் மொட்டையான மலைச்சரிவுகளிலிருந்து வந்த வெள்ளமும் மண்சரிவும் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றன. 1989 ஜனவரியில் மரவெட்டுக்குத் தடை வந்தது. வேலையிழந்த யானைகள் பாங்காக் தெருக்களில் பிச்சைக்கு நடந்தன, சுற்றுலா முகாம்களுக்குப் போயின. இந்தியாவில் நீலகிரியின் கூடலூர்க் காடுகள் அழிவதைக் கண்டு நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க வெட்டைக் கட்டுப்படுத்தியது. வடகிழக்கில் யானை வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் வருமானம் இழந்தார்கள். அந்த உத்தரவு காட்டுக்குத் தேவையாகவே இருந்தது. ஆனால் காட்டுக்குள் உழைத்த விலங்கை என்ன செய்வது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அந்தமானில் அந்தக் கேள்வி முன்னரே எழுந்திருந்தது. 1962-இல் ஒரு மர நிறுவனம் நொடித்தபோது அதன் யானைகளில் சுமார் நாற்பது இன்டர்வியூ தீவில் கைவிடப்பட்டன. யானையே இல்லாதிருந்த தீவு அது. அவை மரப்பட்டைகளை உரித்துத் தின்று அங்கிருந்த தாவரங்களையே மாற்றிவிட்டன.

தமிழ்நாட்டில் தெப்பக்காடும் கோழிகமுத்தியும் மரவேலை முகாம் என்ற நிலையிலிருந்து வேறொரு வேலைக்கு மாறின. இன்று அங்குள்ள கும்கிகள் பயிருக்குள் வரும் காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் போகின்றன. கட்டைக்குப் பதிலாகத் தம் இனத்தையே தள்ளும் வேலை. அதை மரவேலையைவிட இலகுவான பிழைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மியான்மரில் அரசு மர நிறுவனம் மட்டும் நீண்ட காலம் ஆயிரக்கணக்கில் யானைகளை வைத்திருந்தது. 2014-இல் கட்டை ஏற்றுமதி நின்றது. 2016-இல் நாடு முழுக்க ஓராண்டும், பாகோ மலைத்தொடரில் பத்தாண்டும் வெட்டு நிறுத்தப்பட்டது. யானைகள் வேலையின்றி நின்றன; வேலையில்லாத களிறு நிலைகொள்ளாமல் முரண்டு பிடிக்கும் என்று பாகன்கள் கவலைப்பட்டார்கள். அந்த நாட்டின் யானை ஏடுகள் பல தலைமுறைகளை உள்ளடக்கியவை. 5,000-க்கும் மேற்பட்ட யானைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, காட்டில் பிடிபட்டவை முகாமில் பிறந்தவற்றைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே சாகின்றன என்று கண்டது. பிடிபட்ட உடனே மட்டும் அல்ல, பல ஆண்டுகள் கழித்தும் அந்த வேறுபாடு நீடித்தது. வயது முதிர்ந்து பிடிபட்டவற்றுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். ஆனைமலையிலும் கோவைக் காடுகளிலும் குழியில் விழுந்து, ஐம்பது ஆண்டுகள் கட்டை இழுத்துச் செத்த யானைகளின் ஏடுகளையும் நம் வனத்துறை இதேபோல் திறந்து ஆய்வுக்குத் தர வேண்டும். அவற்றில் பாகன்களின் பெயர்கள் எங்காவது ஓரமாகக் குறிக்கப்பட்டிருந்தால் அவற்றையும் சேர்த்து எடுத்து அச்சிட வேண்டும்.